குதிரையின் மூக்கு முதலில்

படிவத்தில் ஒரு கட்டம்:
கடந்த ஐந்தாண்டுகளில் விபத்துகள்.
சுழி என்று எழுதினால்
அடுத்த வரியில் தானாகவே வந்துவிடும்
நடவடிக்கை தேவையில்லை.
வேல்ஸில், மலையும் ஆடுமாய் உள்ள ஒரு வட்டாரத்தில்
பதினோரு வருஷமாக இப்படித்தான்
சாலைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஹைல்வென் ப்ரோதெரோவின் ஏழாவது கடிதத்தில்
கோபம் தீர்ந்துபோயிருந்தது.
"வந்து நின்று பாருங்கள்."
கூடவே ஒரு வால்மயிர்,
காகிதத்தில் நாடா போட்டு ஒட்டியது.
வேன் கண்ணாடியில் சிக்கியதை
ஓட்டியவரே வீடு தேடி வந்து கொடுத்தாராம்.

போனேன்.
ஓக் மரங்களுக்கு அடியில்
குளம்புகள் தோண்டித் தோண்டிப் பள்ளமான பாதை
இறங்கி வந்து தார்ச்சாலையில் முட்டுகிறது.
எதிரே மறுபடி தொடங்கி ஏறிப் போகிறது,
நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி.
நடுவில் அறுபது மைல் வேகம்.
கரை, கரைமேல் முள்வேலி,
குதிரைமேல் இருப்பவரையும் மறைக்கிற உயரம்,
மே மாதத்து வெள்ளைப் பூ, வண்டு இரைச்சல்.
இடப்பக்கம் வளைவு.

அளந்தேன். நாடா, குச்சி, நோட்டு.
நடப்பவருக்குக் கண் உடம்பின் வாசலிலேயே இருக்கிறது,
கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும்.
சைக்கிளில் வந்த கொரன்வி
முன்சக்கரத்தைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு
அப்புறம்தான் இடமும் வலமும் பார்த்தார்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

ஹைல்வென் சேணத்திலிருந்து இறங்கி
"ஏறுங்கள்" என்றாள்.
நான் குதிரை ஏறினவனில்லை.
ஊட் என்று பெயர். வெல்ஷில் கஞ்சி.
அதே நிறம், அதே சூடு.

என் கண்ணுக்கு முன்னால்
கழுத்து போய்க்கொண்டே இருந்தது.
பிறகு காதுகள், நெற்றி,
அதற்கும் அப்பால் எங்கோ மூக்கு.
நான் சாலையைப் பார்க்க வேண்டுமானால்
அது முன்கூட்டியே சாலையில் இருந்தாக வேண்டும்.
எட்டடி.
என் கையேட்டில் இல்லாத எட்டடி.

காதுகள்தான் முதலில் கேட்டன.
இரண்டும் இடப்பக்கம் திரும்பின,
ஊட் என்னைக் கேட்காமல்
பின்னால் நாலு அடி வைத்தது,
பால் டேங்கர் போயிற்று,
அதன் காற்று என் நோட்டுத் தாள்களைப்
பூவோடு பூவாக வேலியில் தொங்கவிட்டது.

வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஓடிவந்தார்.
உதடு உலர்ந்திருந்தது.
"தினம் ரெண்டு தடவை வர்றேன்.
ஹாரன் அடிக்கலாமான்னு தோணும்.
குதிரை மிரண்டுட்டா?
அடிக்காம வர்றேன்."
மூன்று பேரும் கொஞ்ச நேரம்
ஊட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தோம்,
பயந்தது அது மட்டும்தான் என்பதுபோல்.

அன்றைக்கும் கட்டத்தில் சுழிதான்.
ஒரு கீறல் இல்லை யாருக்கும்.

வேலி இட்ரிஸ் பெவனுடையது.
எட்டடி உள்ளே தள்ளி நட்டுத் தருகிறோம் என்றேன்.
நாற்று யார் செலவு, கம்பி யார் செலவு,
ஆடு வெளியே போனால் யார் பிடிப்பது,
எல்லாம் கேட்டார்.
கடைசியாக, "குஞ்சு பொரிச்சிருக்கு.
செப்டம்பர்ல வா" என்றார்.
அந்த ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

வேகத்தை நாற்பதாக்கும் பலகை
மூன்று மேசைகளில் ஒன்றில் தூங்குகிறது.
இரண்டு பொத்தான் வைத்த விளக்குக் கம்பம் கேட்டிருக்கிறேன்,
ஒன்று நடப்பவர் கைக்கு,
ஒன்று சேணத்தில் இருப்பவர் கைக்கு.
விலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.
படிவத்தில் பேனாவால்
புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.
என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை.
உள்ளே அந்த வால்மயிரை ஒட்டி
மேலிடத்துக்கு அனுப்பினேன்.

செப்டம்பர் வரை சனிக்கிழமைகளில்
வளைவில் நிற்கிறேன், மஞ்சள் கோட்டு,
சம்பளம் கிடையாது.
டேங்கர்காரர் இப்போதெல்லாம்
பாலத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்,
தாண்டும்போது இரண்டு விரலைத் தூக்குகிறார்.
மற்றவர்களுக்கு என்னைத் தெரியாது.
வண்டிச் சத்தம் எட்டுவதற்கு முன்
பாதையின் வாயைத் திரும்பிப் பார்க்கிறேன்.
இலைகளுக்கு நடுவே
இரண்டு காதுகள் தெரிந்தால்
கையை உயர்த்துகிறேன்.