இடது காது

முதல் இடத்தில் கேமரா, குளிர்சாதனம், சுவரில் யானை.
கட்டணம் கேட்டதும்
யானையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ரெலாவில், பன்னிரண்டாம் மாடி.
பதினோரு பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சி.
யாரும் அழவில்லை.
அதுதான் பயம்.

சுங்கை டுவாவில்
ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள் காக் ரொஹானா.
தாமதமானால்
பத்து நிமிடத்துக்கு ஐந்து வெள்ளி என்றாள், சிரிக்காமல்.
பிறையில் ஷிப்ட் முடிந்து
பாலத்தில் நிற்கப்போகும் மாலைகளை
வெள்ளியாக மாற்றிப் பார்த்தேன்.

பிறகு கேட்டாள்:
தூக்கம் வந்தால் என்ன செய்வான்?
காதை இழுப்பான். இடது காது.
நோட்டில் மலாயில் எழுதிக்கொண்டாள்,
'இடது' என்பதற்குக் கீழே கோடு.

அதற்குள் தர்வேஷ்
யாருடைய செருப்பையோ மாற்றி மாட்டிக்கொண்டு
வாசலில் நின்றான்,
போக வேண்டியவள் நான்தான் என்பதுபோல.