எல்லாவற்றுக்கும் பொருந்தும்

பெட்டிக்குள் இருந்த தாளை எழுதியவரே,
நீங்கள் எந்த ஊரோ எனக்குத் தெரியாது.
ஒன்பது மொழிகளில் எழுதியிருக்கிறீர்கள்,
எங்கள் எஸ்தோனிய மொழி ஏழாவது.
"எல்லாவற்றுக்கும் பொருந்தும்"
என்று முதல் வரி.
கடைசி வரியில், எறும்பு எழுத்தில்,
"சில மாற்றங்கள் தேவைப்படலாம்."

அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில்
ஒரு வியாழக்கிழமை முழுவதும் போயிற்று.

சாரேமா ஒரு தீவு.
எது உடைந்தாலும் அதன் மாற்று
படகேறித்தான் வர வேண்டும்.
டிராக்டரையும் புல்கட்டும் எந்திரத்தையும் இணைக்கிற
சுழல்தண்டு திங்களன்று முறிந்தது.
அறுத்த புல் வயலெல்லாம் காய்ந்து கிடந்தது.
அசல் தண்டு முந்நூற்றுப் பத்து யூரோ.
இது எண்பத்தொன்பது.
வாங்கியது நான்தான்.
உர்மாஸ் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உலகத்துக்கே போதுமான நீளத்தில் அனுப்பியிருக்கிறீர்கள்.
வேண்டாததை நாங்களே அறுத்துக்கொள்ள வேண்டுமாம்.
டிராக்டரை ஒடித்துத் திருப்பி
இரண்டும் மிக நெருங்கி நிற்கும் இடத்தில் அளந்தேன்.
உள்குழாய், வெளிக்குழாய்,
இரண்டின் மஞ்சள் பிளாஸ்டிக் உறைகள்,
நான்கிலும் ஒரே அளவு போக வேண்டும்.
நீளம் மிஞ்சினால் திருப்பத்தில் பேரிங் போகும்.
குறைந்தால் நடுவயலில் தண்டு கழன்று பறக்கும்.
மூன்று முறை அளந்தேன்,
மூன்று எண்கள் வந்தன.
நடுவில் இருந்ததை நம்பினேன்.

அறுத்ததுகூடச் சரியாகத்தான் வந்தது.
பல்தான்.
டிராக்டரில் ஆறு பல், உங்கள் வாயிலும் ஆறு பல்.
எண்ணிக்கையில் சொந்தம்,
நடத்தையில் பங்காளி.
பாதி வரை ஏறி நின்றுகொண்டது.
தட்டினேன், ஏறவில்லை.
இழுத்தேன், இறங்கவும் இல்லை.
கடைசியில் கழற்றிப் பார்த்தால்
பல்லுக்குப் பல் அப்பியிருந்தது
உங்கள் அழகான கருப்புப் பெயிண்ட்.
சுரண்டினேன், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க.

கூடவே ஒரு பை, பதினொரு வளையங்கள்,
எல்லாம் வேறு யாருக்கோ ஆனவை.
அந்தப் பெரிய வளையத்துக்காக
சிலியில் ஒருவன்
இந்த நேரம் கொட்டகையைத் தலைகீழாக்கிக்கொண்டிருப்பான்.

பிறகு மறுமுனை.
பழையதைவிட இது ஒரு விரல் தடிமன்.
எந்திரத்தின் காப்புத் தகட்டில் இடித்தது.
செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?
வெட்டினோம்.
காலைப் பிடித்துக்கொண்டிருந்தது உர்மாஸ்,
ரம்பம் என் கையில்.

இங்கே ஜூலையில் இரவு பதினொன்றுக்கும்
வானம் வெளுத்தே கிடக்கும்.
இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்று
எழுந்து போகவும் வழியில்லை.
மேற்கே கடல்மேல் மேகம் திரள்வதும்
தெளிவாகத் தெரிந்தது.

பதினொன்று இருபதுக்கு முதல் கட்டு விழுந்தது.
பொருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
ஒத்துக்கொண்டது.
ஒவ்வொரு திருப்பத்திலும் முனகியது,
நானும் முனகினேன்.
மூன்று மணிக்கு மழை.
அறுபத்துநான்கு கட்டுகள் உள்ளே,
மிச்சப் புல் வெளியே.

காலையில் ஆட்டுப்பட்டிக்குப் போனேன்.
இரண்டு குளிர்காலமாகக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிற கதவு,
கொண்டி தேய்ந்து, கயிற்றால் கட்டி வைத்தது.
கோட்டுப் பையில் அறுத்த துண்டு ஒன்று கிடந்தது,
ஒரு சாண் குழாய்.
சும்மாதான் கொண்டிக் கம்பியில் மாட்டிப் பார்த்தேன்.

வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.
தட்டவில்லை, சுரண்டவில்லை,
மூன்று முறை அளக்கவில்லை.
கதவு மூச்சுக் காட்டாமல் நின்றது.

மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த உர்மாஸ்
திங்களுக்குப் பிறகு முதல் முறையாக அதைப் பற்றி வாய் திறந்தான்.
"எண்பத்தொன்பது யூரோவுக்கு, ஹெல்யே,
நல்ல கொண்டி."