அதிர்ஷ்டத் தோல்வி

நேற்று மாலை தோற்றேன்.
தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், மூன்றாவது செட், ஏழு ஐந்து.
இன்று காலை ஒன்பது மணிக்கு
நடுவர் அலுவலக மேசையில் ஒரு தாளில் கையெழுத்திட்டேன்:
நேஷா ப்ரூமென், ஸ்லோவேனியா, தரவரிசை 171.
தோற்றவர்களில் முதல் ஆள்.
யாராவது விலகினால் அவள் இடம் எனக்கு.
இப்படிக் காத்துக் கிடப்பவளுக்கு
விதிப்புத்தகம் வைத்திருக்கும் பெயர்
அதிர்ஷ்டத் தோல்வியாளர்.
எழுதியவன் சிரிக்காமல்தான் எழுதியிருப்பான்.

ரபாத்தில் மே மாதம்.
ஆடுகளச் சுவருக்கு வெளியே
மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரையின் கூடு.
அது அலகைத் தட்டும்போதெல்லாம்
யாரோ ஒருத்தர் மட்டும் தாமதமாகக் கைதட்டுவது போலிருக்கிறது.
நான் உணவறையில், ஆறிய பாஸ்தாவின் முன்,
மற்றவர்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
யார் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறாள்,
யார் தோளில் நேற்றில்லாத நீலப் பட்டை.
இறைவா என்று தொடங்கி நிறுத்திக்கொள்கிறேன்.
எலும்பு வேண்டாம். தசைநார் வேண்டாம்.
லேசான காய்ச்சல் போதும்,
இரண்டு நாளில் தானாகத் தணிகிற,
யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு காய்ச்சல்.

சுரங்கம் தோண்டத் தோண்ட
நிலம் உள்வாங்கி ஏரியான ஊர், எங்கள் வெலெனியே.
அங்கிருந்து கிளம்பிப் பதினோரு வருடம்.
பெரிய போட்டிகளின் கதவு
நூற்று நாலாவது ஆளோடு மூடிக்கொள்ளும்.
நான் நூற்றேழு வரை வந்தேன்.
ஒரு திங்கட்கிழமையிலிருந்து அடுத்த திங்கட்கிழமை வரை
அங்கே வசித்தேன்.
மூன்று கைப்பேசி மாறியும் அந்தப் பக்கத்தின் படம்
கூடவே வருகிறது.
பிறகு மணிக்கட்டு, பிறகு பணம்,
பிறகு மறுபடி மணிக்கட்டு.
சொந்தமாகப் பயிற்சியாளர் இருந்தது ஒன்பது வாரம்.
என்னோடு ஆடியவர்களின் முகம் மறந்துவிட்டது.
பேக்ஹாண்டைக் காட்டினால் பெயர் சொல்லிவிடுவேன்.

பதினொன்று நாற்பது.
பிசியோதெரபி அறைக் கதவு திறந்து
போக்லார்கா வருகிறாள், வயிற்றில் பனிக்கட்டிப் பையை அழுத்தியபடி.
ஆறு வருடமாக என் இரட்டையர் ஜோடி.
எங்கே போனாலும் பாதி வாடகை அவளுடையது,
ஜன்னலோரக் கட்டிலும்.

காய்ச்சல் என்றெல்லாம் சொன்னேனே, அது பொய்.
இரவு நாலு மணிக்கு அவள் எழுந்து
குளியலறைக் கண்ணாடி முன்
வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தாள்,
பந்தில்லாமல் சர்வீஸ் போடுவது போல.
பாதியில் மடங்கி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
தூங்குகிறவளைப் போல மூச்சு விடுவது
அவ்வளவு சுலபமில்லை.
ஐந்து மணிக்கு மெல்ல அலாரம் வைத்தேன்.

என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.
என் பாஸ்தாவில் ஒரு வாய் எடுத்தாள்.
"ஃபோர்ஹாண்டுக்குப் போடாதே,
பேக்ஹாண்டுக்கு உயரமாகப் போடு,
இரண்டாவது செட்டில் அவளுக்கு மூச்சு வாங்கும்."
அப்புறம், எழுந்திருக்கும்போது:
"இன்றைக்கு அறை வாடகை முழுக்க உன்னுடையது."
ஒலிபெருக்கி என் பெயரைத் தப்பாக உச்சரித்தது.
எழுந்துகொண்டேன்.

ஆறு மூன்று, ஆறு நாலு.
ஒரே போட்டியில் இரண்டு முறை தோற்பது
எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.
உண்மையிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது,
நாலு நாலு என்று இருந்தபோது.
அந்த ஒரு பந்தை வெளியே அடித்தேன்.
செம்மண்ணில் அதன் தடம், கோட்டைத் தாண்டி ஒரு விரல்.
நடுவர் இறங்கி வந்து காட்டவேண்டிய அவசியமே இல்லை.

அவள் விலகியதால் இரட்டையர் ஆட்டமும் போனது.
அதை நான் காலையில் கணக்கில் எடுக்கவில்லை.

ராத்திரி விடுதி வரவேற்பறையில்
முழுப் பணத்தையும் எண்ணி வைத்தேன்.
ரசீதில் இரண்டு பெயரும் வரட்டும் என்றேன்.
பையன் பேனாவைத் திறந்து
தலை நிமிராமல் கேட்டான்,
யார் பெயர் முதலில்.