இருக்கட்டும்

பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை.
ஆசைக்கு என்ன விலை என்று
தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில்
எவனும் எழுதிப் போடவில்லை.
இருபத்திரண்டு வருஷமாகத் தராசு பிடிக்கிறேன்,
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்:
கதவு முழுசாகத் திறந்தால் ஒரு மாதிரி வீடு,
பாதியில் எதிலோ முட்டி நின்றால் வேறு மாதிரி.

வடாலாவில் தேவசகாயம் சாருக்கு இஸ்திரிப்பெட்டி.
கரி போடுகிற பழைய பித்தளை, மொத்தம் பதினேழு.
மூடிக் கொண்டியில் ஒரு சேவல் உட்கார்ந்திருக்கும்.
ஒவ்வொரு சேவலுக்கும் கொண்டை வேறு என்பார்.
எனக்குப் பதினேழும் ஒரே அடையில் பொரித்தவை.
போன மாசம் ஒன்று சிக்கியது. ரயிலேறிக் கொண்டுபோனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
சேவலை விரலால் தடவினார்,
"இது என்கிட்ட இருக்குப்பா, கொண்டுபோ."
ஆசைப்பட்டவன் வாயிலிருந்து வேண்டாம் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதே வாரம் செம்பூர். மூன்றாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
பத்மாசனி அம்மாளின் மகன் தோஹாவிலிருந்து போன் போட்டிருந்தான்:
"எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுங்க,
அம்மாகிட்ட சொல்லியாச்சு."
சொல்லியிருப்பான்.
வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன்.
கழுவிக் காயவைத்து முக்கோணமாய் மடித்த பால் கவர்கள்
சாக்குச் சாக்காக.
குக்கரின் இற்றுப்போன கேஸ்கெட் முப்பத்தொன்று
ஒரே ஆணியில்.
மாத்திரை பாட்டிலில் வரும் பஞ்சு
ஒரு தலையணை உறை நிறைய.

கேஸ்கெட்டில் கை வைத்தேன்.
"அது இருக்கட்டும்."
மூடியில்லாத பிளாஸ்க்.
"இருக்கட்டும்."
பிளாஸ்க் இல்லாத மூடி. நான் தொடவே இல்லை.
"இருக்கட்டும்ப்பா."
கோபமில்லை. தூங்குகிற பிள்ளையை
யாராவது எழுப்ப வந்தால் சொல்வார்களே, அந்தக் குரல்.

டீ போட்டார்கள். இரண்டாவது தம்ளரைத் தேடினார்கள்.
பேர் வெட்டியது, வெட்டாதது, சீரில் வந்தது,
கூப்பன் சேர்த்து வாங்கியது,
இருநூறு தம்ளராவது இருக்கும் அந்த வீட்டில்.
எந்தச் சாக்குக்கு அடியில் என்றுதான் தெரியவில்லை.
ஹார்லிக்ஸ் மூடியில் குடித்தேன். சூடு விரலைச் சுட்டது.
மூன்று மணி நேரம். நாலு கிலோ பேப்பர்.
நான் கொடுத்த காசையும்
ஒரு பால் கவரில் போட்டு முடிந்துகொண்டார்கள்.

சேர்த்தது, சேர்ந்தது என்று
எட்டாம் வகுப்பில் இலக்கணம் எழுதவைத்தார்கள்.
நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்,
அதற்கு எனக்கு மார்க் போனது.
சார் சேர்த்தார். அம்மாளுக்குச் சேர்ந்தது.
படியிறங்கும்போது இப்படியெல்லாம் தோன்றியது.
மூட்டை லேசாக இருந்ததால் இருக்கும்.

ராத்திரி பூரணத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை. பரணைப் பார்த்தாள்.
மழைக்கு முன்னால் கூரைக்கு ஷீட் மாற்றணும்,
மேலே இருப்பதை இறக்கு இறக்கு என்று
மூன்று மழையாகச் சொல்கிறாள்.

இன்று ஏறியிருக்கிறேன்.
ஃபேன் ரெகுலேட்டர் நாலு.
சைக்கிள் சக்கரம் ஒன்று, சைக்கிள் போய் எட்டு வருஷம்.
எந்தப் போனுக்கு என்று தெரியாத சார்ஜர்கள்
ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு.
மூலையில், பழைய லுங்கியில் சுற்றி,
சார் வேண்டாம் என்ற அந்தப் பித்தளைப் பெட்டி.
உருக்குகிறவனிடம் அன்றைக்கே போட்டிருக்கலாம்,
மூன்று கிலோ தேறும்.

சேவலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கிறேன்.
கொண்டை கொஞ்சம் வேறு மாதிரித்தான் இருக்கிறது.

கீழே பூரணம்
சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி
கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறாள்.