மஞ்சள் விளக்கு

பதினான்கரை லட்சத்துக்கு வந்தது.
எட்டு வயது ஜெர்மன் வண்டி, ஒரே ஓனர்,
வேளச்சேரியில் ஒரு டாக்டர் ஓட்டியது என்றார்கள்.
டாக்டர் ஓட்டினால் வண்டிக்கு நோய் வராது
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மானாமதுரை தாண்டும்போது
முதல்முறை எரிந்தது
எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.
"அது என்ன?" என்றாள் சகாயம்.
"ஏசி போட்டிருக்குல்ல."
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
இதைவிடப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன்,
இவ்வளவு செலவான பொய் சொன்னதில்லை.

உச்சிப்புளியில் நூருல் அமீன் பட்டறை.
மீன் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே
கூச்சப்பட்டு நின்றது.
ஸ்கேனரைச் செருகினான்.
பதினேழு கோளாறு.
"ரெண்டு பொய்யா இருக்கும் செங்கோல் அண்ணே" என்றான்
ஆறுதலாக.

தண்ணீர் பம்பில் மயிரிழை வெடிப்பு. பம்பே பிளாஸ்டிக்.
நாற்பத்திரண்டாயிரம்.
"இவ்ளோ காசு வாங்குற வண்டில பிளாஸ்டிக்கா?"
"காசு வாங்குறவன்தான் அண்ணே பிளாஸ்டிக் போடுவான்."

கூரையில் கண்ணாடி.
தங்கச்சிமடத்தில் வானம் பார்க்க
யாரும் கண்ணாடி கேட்டதில்லை.
அதன் நாலு மூலையிலும் ஒல்லியான வடிகுழாய்;
சீமைக்கருவேல இலையும் மணலும் அடைத்துக்கொள்ள
ஐப்பசி மழை உள்ளே இறங்கி
சீட்டுக்கடியில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியில் குடியேறியது.
குழாயில் காற்றடிக்க நூறு ரூபாய்.
பெட்டிக்கு ஐம்பத்தெட்டாயிரம்.
அந்த நூறு ரூபாயை
யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அடியில் உப்பு தன் வேலையைப் பார்த்தது.
முன்சக்கரக் கைகளில் பொருக்குத் துரு,
வள்ளத்து நங்கூரத்தில் ஏறும் அதே துரு.
நங்கூரத்தைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால்
மறுபடி கடலுக்குப் போகும்.
இது ஜோடி இருபத்தாறாயிரம்,
ஜிஎஸ்டி தனி.

ஒவ்வொன்றாக மாற்றினோம்.
விளக்கு எரிந்தது.

சித்திரையில், தடைக்காலத்தில்,
பாம்பன் பாலத்தின் உச்சியில்
கியர் பெட்டி எதையும் பிடிக்க மாட்டேனென்றது.
மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியது,
சக்கரம் கேட்கவில்லை.
கடல் பார்க்க நிறுத்தினேன் என்று நினைத்து
வேனிலிருந்து இறங்கிய ஒருவர்
என் வண்டியில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்.
கீழே மச்சான் அடைக்கலத்தின் வள்ளம்
டொக் டொக்கென்று போனது.
அண்ணாந்து கையாட்டினான்.

மதுரைக்குத் தூக்கிப்போக ஒன்பதாயிரம்.
கியர் பெட்டியின் மூளைக்கு ஒன்றே முக்கால் லட்சம்.
"மூளையா?"
"ஆமா சார். அதுதான் யோசிக்கும்."
ஒரு சீசன் முழுக்க வாங்கி ஏற்றிய நண்டை
மனசுக்குள் திரும்ப எடை போட்டேன்.

விற்றுவிட முடிவு.
பரமக்குடி துளசிராம் வருகிறார், சேலை வியாபாரம்.
மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி.
அமீன் குரலைத் தாழ்த்தினான்:
"ஐந்நூறு குடுங்க, விளக்கை அழிச்சு விடுறேன்.
நூறு கிலோமீட்டர் தாங்கும்."
எங்கள் வீட்டிலிருந்து பரமக்குடி எண்பத்துச் சொச்சம்.
அப்போதுதான் கணக்குப் போட்டேன்:
மானாமதுரை வரை தாங்கியதென்றால்
வேளச்சேரியில் யாரோ
கொஞ்சம் கூடவே கொடுத்திருக்க வேண்டும்.

வேண்டாமென்றேன்.
எரியட்டும். அவரே பார்க்கட்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
வாசலில் துளசிராம்.
ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார்.
எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்தன.
எல்லா விளக்கும் அணைந்தன.
மஞ்சளும்.
பதினான்கு மாதத்தில் முதல்முறை.
புது பிரிட்ஜ் மாதிரி முனகிக்கொண்டு நின்றது சண்டாள வண்டி.

"ஏதும் வேலை இருக்கா?"
சும்மா மரியாதைக்குத்தான் கேட்டார்.
சன்னலில் சகாயம்.
எச்சில் விழுங்கிவிட்டு
அந்த விளக்குக்குப் பதிலாக
நான் எரிய ஆரம்பித்தேன்,
பம்பிலிருந்து.

முழுக்கக் கேட்டார். டீ குடித்தார்.
இன்னும் போன் வரவில்லை.

நேற்றுப் பின்சீட்டை மடக்கி
ஐஸ் பெட்டி இரண்டு ஏற்றிப் பார்த்தேன்.
அளவெடுத்த மாதிரி உட்காருகிறது.
தோல் சீட்டில் நண்டு வாடை போக
எவ்வளவு ஆகுமென்று
அமீனிடம் நான் கேட்கவில்லை.