கறிக்கடைப் பக்கத்துக் கோடு

நீலசந்திரா மைதானத்துக்கு
மூன்று பக்கம் படி உண்டு.
நாலாவது பக்கம் சுவர்.
சுவருக்கு அந்தப்புறம் அமானுல்லாவின் கறிக்கடை.
அந்தக் கோடுதான் எப்போதும் எனக்கு விழும்.
நாற்றம் தாங்காது என்பார்கள் மற்ற லைன்ஸ்மேன்கள்.
நான் அந்தத் தெருக்காரி, எனக்கு ஒன்றுமில்லை.
ஒரு ஆட்டத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்,
ஒரு வாழைப்பழம், ஒரு பன்,
முழங்கை வரை தொங்கும் ஆம்பளை அளவுச் சட்டை.

மேலே பருந்துகள்.
குடல் வீசும் நேரம் அவற்றுக்குத் தெரியும்,
இடைவேளை எனக்குத் தெரிவதைப் போல.
சுவர் தாண்டிய பந்து
சிலநேரம் ரத்தம் தொட்டுத் திரும்பும்.
கிளப் செயலாளர் மட்டும் புல் என்று சொல்லும் செம்மண்ணில்
நாலு முறை உருண்டால் சரியாகிவிடும்.

பயிற்சியில் சொன்னது இதுதான்:
கண் இரண்டும் கோட்டில் இருக்கட்டும்.
பாஸ் கொடுப்பவனைப் பார்க்காதே,
அவன் கால் பந்தில் படும் சத்தத்தைக் கேள்.
கேட்ட அந்த நொடியில்
முன்னே நிற்பவனின் தோள் எங்கே இருக்கிறது?
அவ்வளவுதான் ஆஃப்சைடு.

ஞாயிறு காலை. பி டிவிஷன் கடைசி ஆட்டம்.
ரோஸ் கார்டன் பையன்கள் ஜெயித்தால் மேலே போவார்கள்,
சமமானால் இன்னொரு வருஷம் இதே மண்.
படியெல்லாம் ஜனம். தண்ணீர் டேங்க் மேல் ஜனம்.
பிலோமினா மொட்டைமாடியில்
காயவைத்த மிளகாயை வாரிவிட்டு
அங்கேயும் பதினைந்து பேர்.
ஆட்டக்காரனைத் தமிழில் திட்டுவார்கள், உருதுவில் திட்டுவார்கள்,
ரெஃப்ரியை மட்டும் எல்லோரும் கன்னடத்தில்.

எண்பத்தெட்டாவது நிமிஷம்.
நடுவிலிருந்து பந்து கிளம்புகிறது.
தப்.
டெரிக் ஓடுகிறான்.
என் வீட்டுக்கு மூன்றாம் வீடு,
பூட்ஸுக்காக ஆறு மாதம் பீட்சா சுமந்தவன்.
எதிராளியின் தோளைத் தாண்டி அரை அடி,
அல்லது தாண்டவில்லை,
அல்லது நான் கேட்டது
காலா, கட்டையா?
ஞாயிற்றுக்கிழமை அமானுல்லாவின் கத்தி
மூச்சு வாங்குவதில்லை.

கை அதற்குள் முடிவு செய்துவிட்டது.
மீன்வலையை வெட்டிக் கட்டிய கோலுக்குள் பந்து கிடக்க
என் தலைக்கு மேல் மஞ்சள் கொடி.
இறக்கத் தெரியாதவள் போல நின்றேன்.

நாலு தண்ணீர் பாக்கெட், ஒரு பாதிச் சோளம், ஒரு செருப்பு.
நல்ல செருப்பு. ஜோடி வரவில்லை.

கேட் வரை ஒரு போலீஸ்காரர் கூட வந்தார்.
அதற்கு மேல் உன் ஏரியாதானேம்மா என்றார்.
குஸ்கா கடை பெஞ்சில் பேச்சு நின்றது.
பேக்கரியில் தேங்காய் பன் இல்லை என்றார்கள்,
கண்ணாடிக்குப் பின்னால் எட்டு இருந்தன.
வீட்டில் அண்ணன் சோறு போட்டான்,
குழம்பைத் தள்ளியே வைத்திருந்தான்.

செவ்வாய் காலை ஆறு மணி, காவேரித் தண்ணீர்.
வரிசையில் டெரிக், நீலக் குடம்.
அவனுக்குப் பின்னால்தான் நான்,
ஆனால் என் குடம் ஒரு சாண் முன்னே போயிருந்தது போல.
குனிந்து பார்த்தான்.
பிறகு வலக்கையை நேராக மேலே தூக்கினான்,
கொடி பிடித்த மாதிரி.
யாரோ ஒருத்தி சிரித்தாள்.
நான் குடத்தைப் பின்னால் இழுத்தேன்.

"அக்கா, நிஜமா சொல்லு. இருந்தேனா?"

குழாய் இருமியது.
தெருக்கோடியில் ஷட்டர் ஏறும் சத்தம்,
கட்டையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம்.
நான் வாயைத் திறந்தேன்.

தப்.

அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
தண்ணீர் வந்துவிட்டது,
குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.