ஈரக் கழிவு

வரையாடு எண்ண வாங்கிய கருவி அது.
வனக்காவலர் பெள்ளன் இரண்டு கடன் கொடுத்தார்.
ஒன்று நன்றாக இருந்தது. மற்றதில் பொத்தான் சிக்கும்.
நல்லதை வலது கையில் எடுத்துக்கொண்டேன்.
வலது கை சிவப்பு மூலைக்கென்று
யாரோ ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால்,
கேத்தி தொழிற்சாலையில் தேயிலை நிறுப்பவன் நான்.
எண்ணென்றால் மயில்வாகனம்.

குன்னூர் மண்டபத்தில் ஜன்னல் சாத்தாது.
மூன்றாவது ஆட்டத்துக்குள்
மூடுபனி டிக்கெட் வாங்காமல் உள்ளே வந்து
கயிற்றோரம் நின்றுகொண்டது.

சிவப்பில் இஞ்ஞாசி. எங்கள் இலை லாரியில் மூட்டை ஏற்றுபவன்.
(அதற்காக அழுத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.)
கை ஓயாது அவனுக்கு,
ஆடி மாதத் தகரக் கூரை.
நீலத்தில் ஜோகி. கேரட் கழுவும் கிடங்கில் வேலை.
நிற்பான்.
வராத ரயிலுக்கு நிற்பதுபோல்
நின்றுகொண்டேயிருப்பான்.
பிறகு ஒன்று.

எதைக் குத்து என்பது?
கையுறையில் பட்டால் மண்டபமே கேட்கும்.
விலாவில் பட்டால்
நனைந்த சாக்கைக் கீழே வைத்த மாதிரி ஒரு 'ம்'.
கட்டைவிரல் காதுக்கு வேலை செய்யும் ஆள்,
கண் சொல்லும்வரை காத்திருக்காது.

நடுவில் மூன்று முறை கண்ணாடியைத் துடைத்தேன்.
துடைக்கையில் கருவிகள் மடியில் கிடந்தன.
அந்த நேரத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை
என்றுதான் கணக்கு சொல்கிறது.

இரண்டாம் சுற்று முடியும் தறுவாயில்
இஞ்ஞாசியின் முதுகு எனக்கெதிரே கதவாய் நின்றது.
கதவுக்கு அப்பால் என்னவோ நடந்தது.
எதிர்ப்பக்கத்து பெஞ்சு முழுக்க
சத்தம் போடாமல் எழுந்தது.
இஞ்ஞாசி கொஞ்சம் குள்ளமானான்.
நான் பார்க்கவில்லை, ஆகவே அழுத்தவில்லை.
நேர்மை என்றால் அதுதானே.

அறுபத்தொன்று. முப்பத்தெட்டு.
நடுவர் ஒருவர் 'நீலம்' என்று எழுதத் தொடங்கி
என் தாளை எட்டிப் பார்த்தார்.
அடித்துத் திருத்தியதில் பேனா
அட்டையைக் கிழித்தது.

திங்கள் காலை தராசடியில்
இஞ்ஞாசி மூட்டையை இடத்தோளில் ஏற்றினான்.
எப்போதும் வலதுதான்.
'என்னடா?'
சட்டையைத் தூக்கிக் காட்டினான்.
வலது விலாவுக்குக் கீழே, ஒரு முஷ்டி அகலத்துக்கு,
கத்தரிக்காய் நிறம்.
'இது உங்க முப்பத்தெட்டுல எத்தனாவதுண்ணே?'
சிரிக்க ஆரம்பித்து, முடியாமல், நிறுத்தினான்.

மூட்டை முப்பத்தாறு கிலோ.
ஈரத்துக்கு இரண்டு கழித்து முப்பத்து நான்கு எழுதினேன்.
நான்கு நாளாக நல்ல வெயில்.
இலையில் சொட்டு ஈரமில்லை.
கை பழகிவிட்டது.

மதியம் பெள்ளன் வந்தார் கருவிகளைக் கேட்டு.
'ஆடு எண்ணும்போது பனி இறங்கினா என்ன பண்ணுவீங்க?'
'வெலகுற வரைக்கும் உக்காந்திருப்போம்.'
'வெலகலேன்னா?'
'பாக்கலைன்னு எழுதுவோம்.
இல்லைன்னு எழுத மாட்டோம்.'
பீடியைப் பற்றவைக்கப் போனவர்
மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

சிவப்புக்கு வைத்திருந்ததைத் திருகினேன்.
எல்லா எண்களும் ஒருமுறை வந்துபோய்
பூஜ்யத்தில் நின்றது.
மற்றது அசையவில்லை.
முப்பத்தெட்டிலேயே கிடந்தது, எத்தனை திருகியும்.

'அதை விடுங்க' என்றார் பெள்ளன்.
'ரெண்டு வருஷமா அது
நாப்பதைத் தாண்டினதில்ல.'